கறுப்பு நாயும் ஒரு கேள்வியும்

மனச்சோர்வைக் ‘கறுப்பு நாய்’ என்று உருவகிப்பது ஆங்கில வழக்கு. 2009-ஆம் ஆண்டில் ஸ்டீவ் ஆண்ட்ரூஸ் என்பவர் மோட்டார் சைக்கிளில் தனியாக ஆஸ்திரேலியாவைச் சுற்றிவந்து, மனச்சோர்வையும் தற்கொலைத் தடுப்பையும் பற்றிய விழிப்புணர்வைப் பரப்பினார், நிதியும் திரட்டினார். ‘பிளாக் டாக் ரைடு’ என்னும் அம்முயற்சியில் பின்னர் நூற்றுக்கணக்கானோர் இணைந்தனர். மறைத்து வைக்கப்பட்ட நோயை வெளிப்படையாகப் பேசவைத்ததே அதன் பயன். அதை நாம் வீட்டிலும் செய்ய இயலும்.

இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் துயரம், எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் மாறுபடுதல், ஓயாத களைப்பு ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகளாகலாம். இது சோம்பலன்று, சிகிச்சையால் தணியும் நோய். மருந்தின் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று கேட்டால், அவ்வெண்ணத்தை நாமே தூண்டிவிடுவோமோ என்று உறவினர் அஞ்சுவதுண்டு. அவ்வாறு நேர்வதில்லை. கனிவான கேள்வி, அடைபட்ட துயரைச் சொல்ல வழிவிடும். விடை ‘ஆம்’ எனில், அவரைத் தனியே விடாமல் உடனே எங்களிடம் அழைத்து வாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.