இரண்டாவது மனிதர்

சென்ற ஆண்டு நம் இயற்பியல் துறைக் கருத்தரங்கில் 'விண்வெளியில் இந்தியர்' என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசினேன். மேடையேறியது அதுவே முதல் முறை. 1984 ஏப்ரல் 3, ராகேஷ் சர்மா, சோயுஸ் டி-11, சல்யூட்-7 என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டுக் கைதட்டலை எதிர்பார்த்து நின்றேன். பேராசிரியர் ஒருவர் எழுந்து, "சர்மாவோடு ருஷ்யாவுக்குப் போய் அதே பயிற்சியை முடித்தவர் இன்னொருவர் உண்டே, அவர் பெயர் என்ன?" என்று கேட்டார். விழித்தேன். அன்று தொடங்கிய தேடலின் விளைவே இக்கட்டுரை.

அவர் பெயர் ரவீஷ் மல்ஹோத்ரா. 1943இல் லாகூரில் பிறந்தவர். நம் விமானப் படையில் விங் கமாண்டர். சர்மாவோ ஸ்குவாட்ரன் லீடர், வயதில் ஐந்து ஆண்டு இளையவர். 1982இல் இருவரும் தேர்வாகி, மாஸ்கோவுக்கு அருகே நட்சத்திர நகரிலுள்ள ககாரின் பயிற்சி மையத்துக்குச் சென்றனர். முதல் வேலை ருஷ்ய மொழி கற்பது. பாடமும் தேர்வும் கலத்தினுள் இடப்படும் கட்டளைகளும் அம்மொழியில்தான். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் ஆங்கிலப் பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு தவித்த எனக்கு, சுழல் இயந்திரத்தில் வைத்துச் சுற்றுவதைவிட இதுதான் கடினமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

மாற்று வீரர் என்பவர் கிரிக்கெட்டில் தண்ணீர் கொண்டுவரும் பன்னிரண்டாவது ஆட்டக்காரர் போன்றவர் அல்லர். அவருக்கும் அளவெடுத்து உடை தைக்கிறார்கள். சோயுஸ் கலத்தில் வீரர் மல்லாந்த நிலையில் அமர்கிறார். அவரவர் முதுகுக்கு அச்செடுத்து இருக்கையின் உட்புறத்தை வார்க்கிறார்கள். இறங்கும்போது தரையில் மோதும் அதிர்ச்சியை முதுகெலும்பு முழுவதும் பகிர்ந்து தாங்க வேண்டும் என்பதே காரணம். ஆகவே ஒருவருடைய இருக்கை மற்றவருக்கு உதவாது. ஏவும் நாள் வரை இருவரும் ஒரே நிலையில் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இது வெறும் சம்பிரதாயமன்று என்பதற்கு 1971ஆம் ஆண்டே சான்று. சோயுஸ்-11இல் போக வேண்டியவர்கள் லியோனோவ், குபாசோவ், கொலோதின் ஆகிய மூவர். புறப்படச் சில நாட்களே இருந்தபோது எக்ஸ்-ரே படத்தில் குபாசோவின் நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தது. மூவருமே நிறுத்தப்பட்டு, மாற்றுக் குழுவினரான டோப்ரோவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயேவ் ஆகியோர் ஜூன் 6ஆம் நாள் ஏறினர். விண்வெளி நிலையம் ஒன்றில் தங்கிய முதல் மனிதர்கள் அவர்களே. 23 நாட்களுக்குப் பின் திரும்பும் வழியில், கலத்தின் பகுதிகள் பிரியும்போது ஒரு வால்வு திறந்துகொண்டு காற்றெல்லாம் வெளியேறியது. காற்றழுத்த உடை அவர்களிடம் இல்லை; மூவர் உடையணிந்து அமர அக்கலத்தில் இடமும் இல்லை. ஜூன் 30ஆம் நாள் கலம் எவ்விதச் சேதமுமின்றித் தரையிறங்கியது. கதவைத் திறந்தவர்கள் மூன்று சடலங்களைக் கண்டனர். குபாசோவின் நுரையீரலில் இருந்தது பெரிய நோயல்ல என்று பிறகு தெரிந்தது! தம் இடத்தில் சென்ற நண்பர்களை இழந்த லியோனோவ் 2019 வரை வாழ்ந்தார்.

அதன்பின் பல ஆண்டுகள் சோயுஸில் உடையணிந்த இருவர் மட்டுமே சென்றனர். 'டி' வகைக் கலம் 1980இல் மூவரை ஏற்றியபோதுதான் மூவருக்கும் உடையோடு இடம் கிடைத்தது. சர்மா சென்றது அவ்வகைக் கலத்தில்தான்.

சர்மாவின் அருகில் அமர்ந்திருந்த ஸ்ட்ரெகாலோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1983 செப்டம்பர் 26ஆம் நாள் அவரும் விளாதிமீர் டிடோவும் ராக்கெட்டின் உச்சியில் புறப்படக் காத்திருந்தபோது அடியில் தீப்பிடித்தது. கட்டளைக் கம்பிகள் எரிந்துபோயின. தரையில் இருந்தவர்கள் வானொலி வழியாக ஆணை அனுப்பி, தப்பிக்கும் ராக்கெட்டை இயக்கினார்கள். அது கலத்தைப் பிய்த்துக்கொண்டு எழும்பிய சில வினாடிகளில் கீழே எல்லாம் வெடித்தது. அந்த இழுப்பு புவியீர்ப்பைப்போல் 14 மடங்குக்கும் மேல்; 60 கிலோ மனிதர் அக்கணம் 840 கிலோவாக அழுத்தப்படுவார். வகுப்பில் நாம் சாவகாசமாகப் போடும் கணக்குத்தான்! அதே மனிதர் ஆறே மாதம் கழித்து அதே ஏவுதளங்களுக்குத் திரும்பி வந்து, சர்மாவோடு மறுபடி ஏறினார்.

சர்மா ஏழு நாள் 21 மணி 40 நிமிடம் விண்வெளியில் இருந்தார். இந்திய நிலப்பரப்பைப் படம் பிடித்தார். யோகாசனம் செய்து பார்த்தார். மல்ஹோத்ரா தரையில் நின்றார். அரசு சர்மாவுக்கும் இரு ருஷ்யத் தோழர்களுக்கும் அசோகச் சக்கரம் அளித்தது. மல்ஹோத்ராவுக்குக் கீர்த்திச் சக்கரம். பொது அறிவு நூல்கள் அவரை மறந்தாலும் அரசு மறக்கவில்லை என்பது ஆறுதல்.

அவருக்காவது ஆயத்தமாகி நிற்கும் நாள் வாய்த்தது. 1985இல் அமெரிக்க விண்ணோடத்தில் செல்லத் தேர்வான நம் விஞ்ஞானிகள் பி.ராதாகிருஷ்ணன், என்.சி.பட் இருவருக்கும் அதுவும் இல்லை. 1986 ஜனவரி 28இல் சாலஞ்சர் வெடித்து எழுவர் மாண்டதோடு அத்திட்டம் முடிந்துபோனது.

2025 ஜூன் 25ஆம் நாள் சுபான்சு சுக்லா புறப்பட்டபோதும் மாற்று வீரராகப் பிரசாந்த் நாயர் தரையில் இருந்தார். இவர்களோடு ககன்யானுக்குத் தேர்வாகி, அதே ககாரின் மையத்தில் பயின்றவர்களில் அஜித் கிருஷ்ணன் நம் சென்னையில் பிறந்தவர். ஆவடி விமானப் படை நிலையத்தின் மதிற்சுவரை வெளியிலிருந்தே பார்த்து வளர்ந்த எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட அதிக மதிப்பெண் பெற்றவள் என் அக்கா. அவ்வாண்டு அப்பா சாரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்டதால் அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். என் கல்லூரிச் செலவு அவள் சம்பளத்தில்தான் நடக்கிறது. இக்கட்டுரையை எழுதி முடித்த இரவு அவளுக்குப் படித்துக் காட்டினேன். மல்ஹோத்ரா வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"அவருக்கு மனசு கஷ்டமா இருந்திருக்காதா?"

"இருந்திருக்கும்க்கா."

"அப்புறம் என்ன பண்ணாரு?"

விமானப் படைக்கே திரும்பி ஏர் கமடோர் பதவி வரை உயர்ந்ததையும், ஓய்வுக்குப் பின் பெங்களூரில் விமான உறுப்புகள் செய்யும் நிறுவனமொன்றில் பணியாற்றியதையும் சொன்னேன்.

"அப்ப சும்மா உக்காரல" என்றாள். காலையில் அவளுக்கு முதல் ஷிப்டு. விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.