மூடுபனி: இனிமைக்குள் ஒளிந்திருக்கும் அச்சம்

திரைப்படத்தில் பாடல்கள் தவிர்ந்த இடங்களில் காட்சியோடு சேர்ந்து ஒலிப்பது பின்னணி இசை. உளவியல் திகில் படங்களில் அதன் பொறுப்புப் பெரிது. இருட்டையும் கத்தியையும் கமரா காட்டிவிடும். மனத்தின் குழப்பத்தை இசைதான் கேட்கச் செய்யவேண்டும்.

உலக அளவில் இதற்குச் சிறந்த உதாரணம் 'சைக்கோ' (1960). அதன் குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் அல்பிரட் ஹிட்ச்கொக் முதலில் எண்ணினார். பேர்னார்ட் ஹேர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் கொண்டு அமைத்த, கீச்சிடும் இசையைக் கேட்டபின் மனம் மாறினார். இங்கே இசை அச்சத்தை வெளிப்படையாகவே அலறுகிறது.

தமிழில் நாம் கவனிக்கவேண்டியது 'மூடுபனி' (1980). அதன் இயக்குநர் பாலுமகேந்திரா, 1939இல் நமது அமிர்தகழியில் பிறந்தவர். இளையராஜாவுக்கு இது நூறாவது படம். இருவரும் இணைந்த முதற்படமும் இதுவே. அந்த உறவு பாலுமகேந்திராவின் இறுதிப் படமான 'தலைமுறைகள்' (2013) வரை தொடர்ந்தது.

கதைநாயகன் சந்துரு, தாயைத் தந்தை கொடுமைப்படுத்துவதைப் பார்த்து வளர்ந்தவன். மனம் பிறழ்ந்து பெண்களைக் கொல்பவன். தான் விரும்பும் ரேகாவையும் பலவந்தமாக ஊட்டிக்குக் கொண்டு செல்கிறான். இப்படத்தில்தான் கிற்றார் ஒலியோடு கே. ஜே. யேசுதாஸ் பாடிய புகழ்பெற்ற நிலவுப் பாடல் வருகிறது. வானொலியில் கேட்டால் அது தூய காதற் பாடல். பாடுபவன் யார் என்று தெரிந்து கேட்டால் அதே மெட்டு நெஞ்சை உறையவைக்கிறது. சுரம் ஒன்றுகூட மாறவில்லை. சூழல் மாறியது, பொருளும் மாறிவிட்டது.

இலக்கியம் கற்கும் மாணவியருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அச்சத்தை எழுத 'பயங்கரம்', 'கொடூரம்' என்ற சொற்களை அடுக்கத் தேவையில்லை. மென்மையான சொல்லைத் தகாத இடத்தில் வைத்தாலே போதும். வாசகர் மனம் நடுங்கும். அத்தோடு, இனிய குரல் மட்டுமே அன்புக்குச் சான்றாகாது என்பதையும் அப்பாடல் உணர்த்துகிறது. இதைப் பெற்றோரும் பிள்ளைகளோடு பேசலாம்.

படத்தில் கொலைகள் இடம்பெறுவதால் இளைய மாணவியருக்கு அது ஏற்றதன்று. அவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி: தெரிந்த தாலாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டில் வெறுமையாக இருக்கும் வீட்டில் அது ஒலிப்பதாகக் கற்பனை செய்து பத்து வரிகள் எழுதுங்கள். 'சோகம்' என்ற சொல் மட்டும் வரக்கூடாது.