மலையேறப் போகும் தம்பிக்கு



கல்வராயன் மலையில் முப்பது வீடுகூடத் தேறாத ஒரு சிற்றூரின் சரித்திரத்தை எழுதத் துணிந்துவிட்டதாகவும், தாலுகா கச்சேரியின் திண்ணையில் இரண்டு நாள் காத்துக் கிடந்த பிறகு, 'அந்த ஊருக்குப் பழைய ரிக்கார்டு எதுவும் கிடையாது' என்ற பதிலோடு இறங்கி வர நேர்ந்ததாகவும் எழுதியிருந்தாய். அதே பதிலை என் வாலிபத்தில் வேறொரு மலையடிவாரத்தில் கேட்டு, அதை அப்படியே நம்பி, நான்கு வருஷத்தை வீணாக்கியவன் நான். 'கிடையாது' என்றால் 'இந்த அலமாரியில் கிடையாது' என்றுதான் அர்த்தம் என்பது பிற்பாடுதான் விளங்கிற்று.

சர்க்கார் ஏடு எழுதியதெல்லாம் வரி வாங்குவதற்கும் வழக்குத் தீர்ப்பதற்குமே. ஆகையால் உன் ஊரைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுவதை நிறுத்திவிட்டு, அந்த ஊரார் எந்தக் காலத்தில் யாருக்கு வரி கட்டினார்கள், யாரோடு வியாஜ்ஜியம் ஆடினார்கள் என்று விசாரி. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்து, 1976 இல்தான் முழுவதுமாகச் சர்க்கார் வசம் வந்த மலை அது. சமவெளியின் ரயத்துவாரி கிராமத்தில் தலைமுறை தலைமுறையாகக் கர்ணம் எழுதி வைத்த அடங்கலையும் சிட்டாவையும் அங்கே எதிர்பார்ப்பது, ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுவதாகும். அக்காலத்து மலைக்குடிகளின் கணக்கு ஜாகீர்தார் வீட்டில் இருந்திருக்கும். ஜாகீர் ஒழிப்பை ஒட்டி எழுந்த வழக்குகளின் கட்டுகளில் கொஞ்சம் இருக்கும்.

இன்னொன்று, காகிதம் மலையில் தங்குவதில்லை. மலையின் ஒரு பக்கம் சேலம் ஜில்லா. மறுபக்கம் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காடாக இருந்து, 1993 இல் விழுப்புரத்தோடு பிரிந்து, 2019 இல் கள்ளக்குறிச்சியாயிற்று. ஜில்லா பிரியுந்தோறும் கட்டுகளில் சில வண்டியேறின, சில பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. ஆகவே கள்ளக்குறிச்சியில் இல்லையென்றால் விழுப்புரம், அங்கும் இல்லையென்றால் கடலூர், பிறகு எழும்பூர் ஆவணக் காப்பகம் என்று பின்னோக்கிப் போ. பிரான்சிஸ் எழுதிய தென்னார்க்காடு கெசட்டியரையும் (1906), ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெசட்டியரையும் (1918) வாசித்துக்கொள். ஆனால் அவர்கள் மேலதிகாரியின் மேஜைக்காக எழுதினார்கள் என்பதை மறவாதே.

கணக்குகளில் வருஷம் பசலியில் இருக்கும். அதனோடு 590 கூட்டினால் இங்கிலீஷ் வருஷம். பசலி ஜூலை முதல் தேதியில் தொடங்கும். 1386 ஆம் பசலி என்று ஓர் ஏட்டைக் கண்டால், அது 1976 ஜூலையில் பிறந்த கணக்கு, ஜாகீர் போன கையோடு எழுதியது என்று நீயே கண்டுகொள்வாய்.

நான் மிகவும் நம்புகிற ஏடு ஒன்று உண்டு. ஆராய்ச்சியாளர்கள் அதை லட்சியம் செய்வதேயில்லை. பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டைச் சொல்கிறேன். மலைப்பள்ளி ஒன்றில், செல் அரித்து ஓரம் உதிர்ந்த அப்படிப்பட்ட ஏட்டைத் தலைமையாசிரியர் ஒருவர் மடியில் வைத்துப் புரட்டிக் காட்டினார். பிள்ளைகளில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருந்தார்கள்! வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது நிரம்பிற்றென்று கொண்டு, பள்ளி திறக்கும் மாதத்தையே பிறந்த மாதமாக எழுதிவிடுவது அந்நாளைய வழக்கம். ஆகவே அந்தத் தேதியை நம்பாதே. அதே வரிசையின் கடைசிக் கட்டத்தில், பிள்ளை நின்றுபோன காரணத்தை எழுதியிருப்பதைப் பார். 'நீண்ட நாள் வரவில்லை', 'பெற்றோருடன் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டான்' என்று ஒரே வருஷத்தில் பதினோரு பெயர்களுக்கு எதிரே எழுதியிருந்தது. எழுதிய ஆசிரியருக்குத் தெரியாமலே ஒரு பஞ்ச காலத்தின் சாட்சியம் அந்தக் கட்டத்தில் ஏறிவிட்டது.

எழுத்து அறவே இல்லாத இடத்தில் பெரியவர்களின் வாய்ச்சொல் சாட்சியாகுமா என்று தயங்கியிருக்கிறாய். 2006 ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் விதிகள், உரிமை கோராத மூத்தோர் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலத்தையும், கிணறு, இடுகாடு, கோயில் முதலானவற்றையும் அத்தாட்சியாக ஏற்கின்றன. சட்டம் ஏற்பதை நீ ஏற்க என்ன தடை? தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த கதையைக் கிழவர்கள் சொல்லும்போது, அது நடந்ததா என்று வாதாடாமல், யார் சொன்னார், எந்த வருஷம், எந்த மரத்தடியில் என்று குறித்துக்கொள்.

தகவல் உரிமைச் சட்டத்து மனுவை முதற்படியாக வைத்துக்கொள்ளாதே. பத்து ரூபாயும் முப்பது நாளும் பெரிதல்ல. சின்ன ஊரில் மனு என்பது புகாராகவே காதில் விழும், பிறகு எந்தப் பீரோவும் உனக்குத் திறக்காது. எந்தக் கட்டு எந்தப் பரணில் கிடக்கிறதென்பது தாசில்தாருக்குத் தெரியாது. கிராம உதவியாளருக்குத் தெரியும். அவரோடு ஒரு டீ குடி. அவர் காட்டும் கட்டுகளில் சாதிச் சான்றைப் பற்றிய தகராறோ குடும்பத்து வழக்கோ உன் கண்ணில் பட்டால், உயிரோடிருப்பவர்களின் பெயரை எழுத்தில் ஏற்றாதே.

கோடையில் ஜமாபந்தி என்னும் வருஷாந்தரக் கணக்குத் தணிக்கை கூடும். அந்தச் சில நாள் மட்டும் கிராமக் கணக்குகளெல்லாம் தாலுகாவில் ஓரிடத்தில் வந்து குவியும். தேதியை இப்போதே கேட்டு எழுது; நானும் வருகிறேன். நகல் எடுக்கும்போது எல்லாவற்றிலும் இரண்டு பிரதியாக எடு. ஒன்று உனக்கு, மற்றது ஊர்க் கவுண்டர் வீட்டுப் பெட்டிக்கு.