ஆருத்ராவுக்குள் கேரட் விதை

ஊட்டி கேரட்டை மனதில் வைத்துக்கொண்டு கடலூரில் விதைக்காதீர்கள். கிழங்கு நீண்டு நன்றாக நிறம் பிடிக்க 15 முதல் 20 டிகிரி வேண்டும். தை மாதத்தில்கூட நமக்கு அது பகல் முழுவதும் கிடைக்காது. குட்டையாக, வெளிறி வந்தாலும் பரவாயில்லை என்பவர்கள் மேலே படிக்கலாம். ரகம் பூசா மேகாலி, பூசா கேசர் அல்லது குரோடா. மலைக்கான விதை வேண்டாம்.

விதைப்பு கார்த்திகை தீபத்துக்கும் ஆருத்ரா தரிசனத்துக்கும் நடுவில். முந்தினால் மழை விதையை அடித்துக்கொண்டு போகும், பிந்தினால் பங்குனி வெயிலில் கிழங்கு நார் பாயும். இந்த நாட்களிலும் புயல் வரலாம்: தானே புயல் கடலூரைத் தாக்கியது 2011 டிசம்பர் 30-ல். அதனால் பாதி விதையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தவணையாக விதைப்பதே புத்திசாலித்தனம்.

கடலோர மணலுக்கு மக்கிய தொழுவுரம் போதும். சிதம்பரம் பக்கத்துக் களிமண்ணில் ஒரு அடி உயர மேட்டுப்பாத்தி போட்டுப் பாதிக்குப் பாதி மணல் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் கிழங்கு கவட்டை விடும். பச்சைச் சாணம் போட்டாலும் அதே கதிதான்.

பலரும் தோற்பது முளைப்பில். விதை முளைக்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அதற்குள் மேல்மண் ஒருமுறை காய்ந்தாலும் முளை கருகிவிடும். ஐந்தாம் நாளே "விதை சரியில்லை" என்று பாத்தியைக் கிளறுபவர்களை என்ன சொல்ல! விதையை உலர்ந்த மணலோடு கலந்து, அரை அடிக்கு ஒரு வரிசையாகத் தூவி, அரை விரற்கடை மட்டும் தென்னைநார்க் கழிவால் மூடுங்கள். மேலே நனைத்த சணல் சாக்கு. காலை மாலை பூவாளியால் சாக்கின் மீதே தண்ணீர். ஆறாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். பச்சை தெரிந்த அன்று மாலையே சாக்கை எடுத்துவிட வேண்டும், ஒருநாள் தாமதித்தாலும் நாற்று வெளுத்துச் சாயும். வரிசையில் அங்கங்கே முள்ளங்கி விதை போடுவது என் வழக்கம். நாலாம் நாளே முளைத்து வரிசையைக் காட்டிவிடும். பிறகு சாம்பாருக்கும் ஆகும்.

நாற்றாக விட்டுப் பிடுங்கி நடாதீர்கள், வேர் வளையும். மூன்று அங்குலம் வளர்ந்ததும் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கலைத்துவிடுங்கள். பாவம் பார்த்தால் எலிவால்தான் மிஞ்சும். வெளியே தெரியும் கிழங்குத் தலையை மண்ணால் மூடுங்கள், இல்லாவிட்டால் பச்சையாகிக் கசக்கும்.

தொண்ணூறு நாளில் மண்ணை விலக்கிப் பாருங்கள். தலை கட்டைவிரல் பருமன் இருந்தால், முதல்நாள் மாலை நீர்விட்டு மறுநாள் காலை பிடுங்கலாம்.

பிடுங்கியதும் இலையை நறுக்குங்கள். விட்டுவைத்தால் கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கழுவாமல், மண்ணைத் தட்டி, பருத்தித் துணியில் சுற்றிப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வாழைப்பழம், மாம்பழம் பக்கத்தில் இருந்தால் கசப்பேறும். பிரிட்ஜ் இல்லையா? நிழலில் மண்பானை, லேசாக ஈரமான மணல், அடுக்கடுக்காகக் கேரட். ஒரு வாரத்துக்குள் சமைத்துவிடுங்கள். நறுக்கிய இலையில் இளசானதைப் பொறுக்கிப் பருப்புக்கூட்டில் போடலாம்.