எம்.ஆர்.ஐ. எழுதுமுன்

அன்புள்ள மலருக்கு,

உன் கிளினிக்கில் இடுப்பு வலிக் கூட்டம்தான் அதிகம் என்று அம்மா சொன்னாள். பிட்டத்திலிருந்து கால்வரை சுண்டி இழுக்கிறது என்றாலே சியாட்டிகா, கையோடு எம்.ஆர்.ஐ. என்று ஆகிவிட்டது. 50 வயதைத் தாண்டியவர்களில் பாதிப்பேருக்கு மேல், வலியே இல்லாவிட்டாலும், படத்தில் டிஸ்க் பிதுங்கித்தான் தெரியும். படத்தை நம்பி ஆளை விட்டுவிடாதே.

நடந்தால் வலிக்கிறதா, நின்றால் விடுகிறதா என்று கேள். நின்ற இடத்திலேயே சில நிமிடத்தில் விட்டால் ரத்தக்குழாயைச் சந்தேகி. ஸ்பைனல் ஸ்டெனோசிஸ்காரர் உட்கார வேண்டும், இல்லை முன்னால் குனிய வேண்டும். குனிந்து சைக்கிள் மிதிப்பது அவருக்குப் பெரும்பாலும் சிரமமிருக்காது; ரத்த ஓட்டம் குறைந்தவருக்கு அதிலும் வலிக்கும்.

வயிற்றுப் பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடம் அடைத்துக்கொண்டால் வலி பிட்டத்திலும் தொடையிலும்தான். பிரெஞ்சு சர்ஜன் ரெனே லெரிஷின் பெயரைச் சொல்லிப் படித்திருப்பாய்: நடந்தால் வலி, தொடை இடுக்கில் நாடி கிடைக்காது, ஆண்மைக் குறைவு. மூன்றாவதை யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள். கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நீதான் கேட்க வேண்டும். பெண் டாக்டரிடம் அவர் கூசுவார், நீ கூசாதே.

செருப்பைக் கழற்றச் சொல். பாதத்தின் மேல், பெருவிரல் தசைநாணுக்கு வெளிப்பக்கம் விரலை லேசாக வை. அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அங்கே கிடைக்காது, ஆகவே உள்கணுக்காலுக்குப் பின்னாலும் பார். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.9க்குக் கீழே வந்தால் ரத்த ஓட்டக் குறைவுதான். சரியாக வந்தாலும் சந்தேகம் தீராவிட்டால் வராந்தாவில் வலி வரும்வரை நடக்கவிட்டு மறுபடி அள. அடைப்பு மேலே இருந்தால் படுத்திருக்கும்போது ஏமாற்றும்.

சிரைகளும் இப்படிச் சியாட்டிகா போல ஏமாற்றும். கீழ்ப் பெருஞ்சிரையில் ரத்தம் உறைந்தால் முதுகெலும்புக்குள் இருக்கும் சிரைகள் புடைத்து நரம்பு வேரை அழுத்தும். அது அபூர்வம், நினைவில் இருந்தால் போதும்.

அவசரம் வேறு. 60ஐத் தாண்டிய பீடிக்காரர், புதிதாக இடுப்பு வலி, வயிற்றில் கை வைத்தால் துடிக்கும் கட்டி என்றால் அனூரிசமாக இருக்கலாம். இடுப்புக்குழித் தமனி வீங்கினாலும் நரம்பை அழுத்திச் சியாட்டிகா போலவே காட்டும். நிலையாக இருப்பவருக்கு அன்றைக்கே அல்ட்ராசவுண்ட் எடு. மயக்கம், வியர்வை, பிரஷர் குறைவு என்றால் எதற்கும் காத்திராமல், வாஸ்குலர் சர்ஜன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு போன் செய்துவிட்டு 108ஐக் கூப்பிடு.

அன்புடன்,
மாமா