புறப்பரப்பும் கனவளவும்

ஒரு பொருளை நாம் இருவகையாக அளக்கின்றோம். அதனை முற்றும் போர்த்துவதற்கு எத்துணைத் துணி வேண்டும் என வினவுவது ஒரு வகை. அதனுள் எத்துணை நீர் கொள்ளும் என வினவுவது மற்றொரு வகை. முன்னதைப் புறப்பரப்பு என்றும் பின்னதைக் கனவளவு என்றும் கணித நூலார் கூறுவர். இவ்விரண்டும் ஒரே பொருளுக்கு உரியனவாயினும் ஒன்றோடொன்று ஒத்து வளர்வன அல்ல. நம் நல்லூரையும் திருப்பூரையும் சூழ்ந்து நடைபெறும் பனியன் தொழிலைக் கொண்டே இவ்வுண்மையை எளிதில் அறியலாம்.

வட்டப் பின்னல் இயந்திரத்தினின்று துணி குழல் வடிவாக இறங்குகின்றது. அது ஒரு நெட்டுருளை. அக்குழலை நெடுகக் கத்தரித்து விரித்தால் நீள்சதுரமாகும். ஆதலின் சுற்றளவை நீளத்தாற் பெருக்கினால் வளைபரப்புக் கிடைக்கும். சுற்றளவு 90 சென்டிமீட்டர், நீளம் 70 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். பரப்பு 6,300 சதுர சென்டிமீட்டர், அதாவது 0.63 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 160 கிராம் நிறையுள்ள துணியாயின், இத்துண்டு ஏறக்குறைய 101 கிராம் நிற்கும். துணியின் நிறையும் நூலின் செலவும் பரப்பைப் பற்றியே அமைதல் காண்க.

இக்குழலின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 45 லிட்டர். இனி, விரித்த அந்நீள்சதுரத்தையே திருப்பி வளைத்து, 70 சென்டிமீட்டர் சுற்றளவும் 90 சென்டிமீட்டர் நீளமும் உடைய குழலாக்குவோம். துணி சிறிதும் கூடவுமில்லை, குறையவுமில்லை. கொள்ளளவோ 35 லிட்டராகச் சுருங்குகின்றது. எனவே பரப்பு ஒத்திருப்பதனாற் கனவளவும் ஒத்திருக்கும் என்று கொள்ளலாகாது.

பாஸ்கராசாரியர் கி.பி. 1150-இல் இயற்றிய லீலாவதியில், கோளத்தின் புறப்பரப்பு அதன் நடுவட்டப் பரப்பைப் போல் நான்கு மடங்கு என்று கூறி, அதனைப் பந்தின்மேற் போர்த்த வலைக்கு ஒப்பிடுகின்றார். அப்பரப்பை விட்டத்தாற் பெருக்கி ஆறால் வகுத்தால் கனவளவாம் என்பதும் அவர் காட்டிய முறை. பரப்போடு மேலும் ஒரு நீளம் பெருகியே கனவளவு பிறக்கின்றது என்பது இதனாற் புலனாகும். ஆகவே ஒரு பொருளின் நீள அகல உயரங்கள் யாவும் இருமடங்கானால், பரப்பு நான்கு மடங்காகும். கனவளவோ எட்டு மடங்காகும்.

இவ்விதி ஏட்டளவில் நிற்பதன்று. ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர் உள்ள தொட்டி 1,000 லிட்டர் நீர் கொள்ளும். வெயில் படும் மேற்பரப்போ 1 சதுர மீட்டரே. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகும் எனக் கொண்டால், அது வற்ற 200 நாள் செல்லும். அந்நீரையே 10 சென்டிமீட்டர் ஆழமாக 10 சதுர மீட்டரிற் பரப்பினால் 20 நாளில் வற்றும். தொட்டியின் பக்கங்களை இருமடங்காக்கினால் நீர் எட்டு மடங்கு, மேற்பரப்பு நான்கு மடங்கு. ஆதலின் வற்றும் நாள் 400 ஆகும்.

இப்பொழுது ஒரு சாயப்பட்டறை நாள்தோறும் 1,00,000 லிட்டர் கழிவுநீரை வெளியிடுவதாக எண்ணுவோம். அதனை வெயிலில் மட்டும் உலர்த்த வேண்டின் 20,000 சதுர மீட்டர், ஏறக்குறைய 5 ஏக்கர் நிலம் வேண்டும். உப்பு மிகுந்த நீர் இன்னும் மெதுவாகவே வற்றும். சவ்வுகளின் வழியே வடித்து நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை நன்னீராக மீட்டால், வேண்டிய பரப்பும் பத்திலொன்றாகக் குறையும். முதலிற் கனவளவைக் குறைத்துப் பின்னரே உலர்த்தவேண்டும் என்பதன் காரணம் இதுவே.

இக்கணக்கிற் பிழைத்தால் வரும் துன்பத்தை நம் நாடு கண்டிருக்கின்றது. பாசனத்துக்கென நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் திறக்கப்பெற்ற அணையிற் சாயக்கழிவு தேங்கிற்று. உழவர் அந்நீரைப் பயன்கொள்ள இயலாராயினர். கழிவுநீரை ஒரு துளியும் வெளிவிடாத ஏற்பாடு செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது.

ஆதலின் மாணவர்காள், கன உருவக் கணக்கு எதனைத் தொடங்கினும், போர்த்துதலா, நிரப்புதலா, உலர்த்துதலா என்று முதலில் வினவுக. போர்த்துதற்குப் பரப்பும், நிரப்புதற்குக் கனவளவும், உலர்த்துதற்கு இரண்டும் வேண்டும். இது தெளிந்தவர்க்கு வாய்பாடு மறந்தாலும் வழி மறவாது.