எருமைக் கடாக் கன்றுகளுக்குத் தானியத் தீவனம்

எருமை கடாக் கன்றை ஈன்றால் வீட்டில் மகிழ்ச்சி குன்றுகிறது. பாலை விற்றாக வேண்டியிருப்பதால் அக்கன்று அரைவயிற்றுடன் வளர்கிறது. பல கன்றுகள் இளமையிலேயே மடிகின்றன. இறைச்சிக்காக எருமை வளர்க்கச் சட்டம் இடந்தரும் மாநிலங்களில், இது கைக்கெட்டிய வருவாயை இழப்பதாகும். ஆகவே எத்தானியத்தை எவ்வாறு ஊட்டலாம், அதனால் இறைச்சியின் தரம் எங்ஙனம் மாறும் என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

மக்காச்சோளந்தான் வேண்டும் என்பதில்லை. கம்பில் புரதம் அதனினும் சற்று மிகுதி. சோளமும் ஏறக்குறைய ஈடானதே. எனினும் செந்நிறச் சோள வகைகள் சிலவற்றிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், புரதம் செரிப்பதைத் தடுக்கும். எத்தானியமாயினும் உடைத்தே கொடுத்தல் வேண்டும். முழுத் தானியத்தில் ஒரு பகுதி சாணத்தோடு வீணாகும்.

100 கிலோ கலவைக்கு உடைத்த தானியம் 40, பிண்ணாக்கு 25, தவிடு 32, தாது உப்புக் கலவை 2, சோற்றுப்பு 1 கிலோ எனக் கொள்ளலாம். இளங்கன்றுகளுக்குப் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு ஆகாது. அதிலுள்ள காசிபால் நஞ்சு அவற்றைத் தாக்கும். பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை எக்கன்றுக்கும் இடலாகாது.

விரைவில் கொழுக்கட்டுமென்று ஒரே நாளில் தானியத்தை மிகுதியாக இடுவோர் உளர். மாவுப்பொருள் முதல் இரைப்பையில் புளித்து அமிலமாகி, கன்றின் உயிரையே மாய்த்துவிடும். சிறிது சிறிதாக இரண்டு வாரங்களில் அளவை உயர்த்துக. வைக்கோலையும் பசும்புல்லையும் நிறுத்தற்க.

இனி இறைச்சியின் தரம். மாட்டின் கொழுப்பு மஞ்சளாவதுண்டு. எருமையோ தீனியிலுள்ள கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால், மஞ்சள் மக்காச்சோளம் தின்றாலும் அதன் கொழுப்பு வெண்மையாகவே இருக்கும். தானியம் உண்ட இளங்கடாவின் தசையில் கொழுப்புச் சற்றுக் கூடி, இறைச்சி மென்மையும் சாறும் பெறும். உழைத்து மூத்த எருமையின் இறைச்சியோ கருத்து, நாராகிவிடும். தானியத்தின் பெயரைவிட, கன்றின் வயதும் அது பெற்ற ஊட்டத்தின் அளவுமே தரத்தைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன.

நெடுந்தொலைவு நடத்தியும் பட்டினியிட்டும் கொண்டுசென்றால், தசையிலுள்ள கிளைக்கோஜன் தீர்ந்துபோகும். அதனால் அறுத்தபின் இறைச்சியில் வேண்டிய அமிலம் உண்டாகாமல், அது கருத்து விரைவில் கெடும். பல மாதம் இட்ட தீனியின் பயன் ஒரே நாளில் பாழாகும். ஓய்வும் தண்ணீரும் அளித்தே அனுப்புக.

அங்கத்தினர்கள் தத்தம் ஊரில் மலிவாய்க் கிடைக்கும் தானியத்தைக் கூட்டாக வாங்கி, கூட்டாக உடைத்து வைத்துக்கொள்வார்களாயின் செலவு குறையும். புறக்கணிக்கப்பட்ட கடாக் கன்றும் குடும்பத்திற்குக் கைகொடுக்கும்.